முரகாமி, ஓகமோட்டோ, இமாய்: 2026 சீசனில் இந்த மூவரிடம் எதைப் பார்க்க வேண்டும்

இந்தக் குளிர்காலத்தின் பேஸ்பால் பேச்சு முழுக்க கைல் டக்கரைச் சுற்றியே ஓடிவிட்டது. 4 ஆண்டுக்கு 240 மில்லியன் டாலர் கொடுத்து டாட்ஜர்ஸ் அவரை எடுத்ததும், 2024, 2025 என்று வரிசையாக இரண்டு உலகத் தொடர்களை (மேஜர் லீக் எனப்படும் அமெரிக்க பேஸ்பால் லீக்கின் பட்டப் போட்டி) வென்ற அணிக்கு இன்னும் என்ன பசி என்று சண்டை தொடங்கியது. சண்டையில் நியாயம் இருக்கிறது. ஆனால் டக்கர் என்ன ஆடுவார் என்று ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். என்ன ஆடுவார்கள் என்று யாருக்குமே சரியாகத் தெரியாத மூன்று பேர் அதே குளிர்காலத்தில் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். முனெடகா முரகாமி சிகாகோ ஒயிட் சாக்ஸில், கஸுமா ஓகமோட்டோ டொராண்டோ புளூ ஜேஸில், டட்ஸுயா இமாய் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில். முதல் இருவரும் பேட்டர்கள், அதாவது பந்தை அடிப்பவர்கள்; இமாய் பிட்சர், பந்தை எறிபவர்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூவரில் பெயர் குறைவாக அடிபடும் ஓகமோட்டோதான் முதல் ஆண்டிலேயே காலூன்றுவார். முரகாமி மேலேயும் போகலாம், கீழேயும் விழலாம். அதனாலேயே அவரைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். இமாயின் கதை அவர் கைக்கும் ஒரு வழுக்கும் பந்துக்கும் இடையில் தீர்மானமாகும்.

பணக் கணக்கிலிருந்து வருகிறேன், ஏனென்றால் இதைப் பலர் தப்பாக எழுதுகிறார்கள். ஜப்பான் லீக்கில் 9 ஆண்டு ஆடி முடித்தால்தான் ஒரு வீரர் தன் இஷ்டப்படி வெளிநாடு போகலாம். அதற்கு முன் போக வேண்டுமானால் அவருடைய கிளப் சம்மதித்து ‘போஸ்டிங்’ முறையில் அவரை விட வேண்டும். அன்றிலிருந்து பேசி முடிக்க 45 நாள். வீரருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு மேல், மேஜர் லீக் அணி ஜப்பான் கிளப்புக்கும் தனியாகக் கட்ட வேண்டும்: ஒப்பந்தத்தின் முதல் 25 மில்லியனில் 20 சதவீதம், அடுத்த 25 மில்லியனில் 17.5 சதவீதம், 50-க்கு மேல் போகும் தொகையில் 15 சதவீதம். முரகாமிக்கு 2 ஆண்டு, 34 மில்லியன். முதல் 25-க்கு 5 மில்லியன், மிச்சம் 9-க்கு 1.575, ஆக யாகுல்ட் ஸ்வாலோஸுக்குப் போவது 6.575 மில்லியன். ஓகமோட்டோவுக்கு 4 ஆண்டு, 60 மில்லியன். யோமியூரி ஜயண்ட்ஸுக்கு 10.875. இமாய்க்கு 3 ஆண்டு, 54 மில்லியன் உறுதித் தொகை. ஸெய்பு லயன்ஸுக்கு 9.975. இதே ஸெய்பு 2006-ல் டைசுகே மட்சுசாகாவை விட்டபோது, பழைய மூடிய ஏல முறையில் பாஸ்டனிடமிருந்து 51.1 மில்லியன் வாங்கியது. வீரரை வளர்த்த கிளப்புக்கு இப்போதைய முறை கொடுப்பது குறைவு என்பது என் உறுதியான கருத்து. 25 வயது ஆகாமல் கிளம்பினால் இன்னும் மோசம். பிட்சர் ரோகி ஸஸாகி 6.5 மில்லியன் போனஸுக்கு டாட்ஜர்ஸ் போனபோது அவருடைய ஜப்பான் கிளப்பான லோட்டேவுக்குக் கிடைத்தது அதில் கால் பங்கு, 1.625 மில்லியன் மட்டும்.

சரி, முரகாமி.

2022-ல் 22 வயதில் 56 ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி), கூடவே மூன்று கிரீடம்: பேட்டிங் சராசரி, ஹோம் ரன், கொண்டுவந்த ஓட்டங்கள் மூன்றிலும் லீக்கில் முதலிடம். ஜப்பானில் பிறந்த யாரும் ஒரே சீசனில் அத்தனை அடித்ததில்லை. 2023 உலக பேஸ்பால் கிளாசிக் அரையிறுதியில் மெக்சிகோவை வீழ்த்திய கடைசி அடி அவருடையது. அமெரிக்காவை 3-2 என்று வென்ற இறுதியாட்டத்தில் அவரும் ஓகமோட்டோவும் ஆளுக்கொரு ஹோம் ரன். இப்படிப்பட்டவர், 26 வயதைத் தொடும் நேரத்தில், 100 மில்லியனுக்கு மேல் போவார் என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தபோது 34-க்குக் கையெழுத்திட்டார். அணிகளுக்கு என்ன பயம்?

பயம் ஒரே இடத்தில் இருக்கிறது: ஸ்ட்ரைக் ஜோனுக்குள், அதாவது பேட்டர் அடித்தாக வேண்டிய எல்லைக்குள், வரும் பந்தையே அவர் தவறவிடுகிறார். வெளியே போகும் பந்தைத் துரத்தும் பழக்கம் என்றால் பயிற்சியில் ஓரளவு திருத்தலாம். இது வேறு. ஜோனுக்குள் மட்டையை வீசும்போது பந்து படும் விகிதம் மேஜர் லீக்கில் சராசரியாக 82, 83 சதவீதம். முரகாமிக்கு ஜப்பானில், 2025-ல், சுமார் 72, 73. அதுவும் வேகம் குறைந்த லீக்கில். 2024-ல் 180 முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது) ஆனார். 2025-ல் வயிற்றுப் பக்கத் தசைக் காயத்தால் 56 ஆட்டம்தான். அதில் 22 ஹோம் ரன். பலமும் பலவீனமும் ஒரே வரியில் தெரிகின்றன.

வேகத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேஜர் லீக்கில் நான்கு-தையல் ஃபாஸ்ட்பாலின் (நேராக வரும் வேகப்பந்து) சராசரி மணிக்கு 152 கி.மீ. அளவு. ஜப்பானில் அதைவிட 5, 6 கி.மீ. குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். பந்து கையை விட்டதிலிருந்து பேட்டரை அடைய எடுக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் முழு வீச்சில் போகும் மட்டையின் தலைப்பகுதி அந்த அறுபதில் ஒரு பங்கில் சுமார் அரை மீட்டர் நகர்ந்துவிடும். தொடக்கத்தில் அந்தளவு தாமதித்தால் பந்து, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சர் கையில்தான். அதை ஈடுகட்ட முன்கூட்டியே வீசத் தொடங்கினால், மெதுவாக வந்து இறங்கும் பந்துக்கு ஏமாற வேண்டிவரும். யோஷிடோமோ சுட்சுகோவுக்கு இதுதான் நடந்தது. ஜப்பானில் 2016-ல் 44 ஹோம் ரன் அடித்தவர், டாம்பா பேயில் 2020-ல் .197 சராசரியோடு, அதாவது பத்துக்கு இரண்டு அடிகூட இல்லாமல், நின்றார்.

முரகாமியின் பலம் சுட்சுகோவைவிட மிகப் பெரியது. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. நான் அவருக்கு வைக்கும் எல்லைகள் இரண்டு. மேல் எல்லை கைல் ஷ்வார்பர்: 2025-ல் நிறைய ஸ்ட்ரைக் அவுட், நிறைய வாக் (ஜோனுக்கு வெளியே நான்கு பந்து வந்தால் முதல் நிலையான முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது), 56 ஹோம் ரன். கீழ் எல்லை ஜோயி கேலோ: 2017-ல் 41 ஹோம் ரன், ஆனால் 196 ஸ்ட்ரைக் அவுட், .209 சராசரி. கேலோவின் அந்த ஆட்டம்கூட ஒரு அணிக்குப் பயன்படும், வாக் எடுக்கும்வரை. ஸ்ட்ரைக் அவுட் 30 சதவீதத்துக்குள் நின்றால் முரகாமி நட்சத்திரம். 30-லிருந்து 34 வரை என்றால் பயனுள்ள பேட்டர். 35-ஐத் தாண்டினால் 2 ஆண்டுக்குப் பிறகு பெரிய ஒப்பந்தம் கிடையாது. களத்தில் காவல் நிற்கும் இடமும் விலையைப் பாதிக்கும்: ஜப்பானில் மூன்றாம் பேஸைக் காத்தவர் சிகாகோவில் முதல் பேஸுக்கு. அந்த இடத்தில் பேட்டிங் ஒன்றுதான் சோறு போடும்.

ஒயிட் சாக்ஸ் செய்தது இந்தக் குளிர்காலத்தின் மிகப் புத்திசாலித்தனமான ஒப்பந்தம் என்று நான் நினைக்கிறேன். 2024-ல் 121 தோல்வி, 2025-ல் 102 தோல்வி கண்ட அணி அது. தோற்றுக்கொண்டே கற்றுக்கொள்ள ஒரு பேட்டருக்கு 600 வாய்ப்பு கொடுக்க அந்த அணியால் முடியும். பட்டம் தேடும் அணியில் இருந்திருந்தால் மே மாதமே பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். கடந்த சீசனில் 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்த இளைஞர் கோல்சன் மான்ட்கோமெரியும் அதே வரிசையில் இருக்கிறார். இருவரும் இடக்கை பேட்டர்கள், இடக்கை பிட்சரை அடிப்பது அவர்களுக்குக் கடினம், அதனால் எதிரணிகள் கடைசி இன்னிங்ஸ்களில் இடக்கை பிட்சரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் கவனியுங்கள்.

ஓகமோட்டோவிடம் இந்தப் பதற்றம் எதுவும் இல்லை. 2018 முதல் 2023 வரை ஆறு சீசனும் 30-க்குக் குறையாத ஹோம் ரன். 2025-ல் இடது முழங்கைக் காயத்தால் 69 ஆட்டம்தான் ஆடினார்; .327 சராசரி, 15 ஹோம் ரன், ஸ்ட்ரைக் அவுட் 11 சதவீதம் சொச்சம். முரகாமியின் விகிதத்தில் பாதிகூட இல்லை. சேர்ந்திருக்கும் அணியும் பொருத்தம்: 2025-ல் மேஜர் லீக்கிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி புளூ ஜேஸ்தான், உலகத் தொடரின் 7-வது ஆட்டத்தை 11-வது இன்னிங்ஸில் இழந்தது வரை அந்தப் பாணியிலேயே போனார்கள். முதல் பேஸில் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் இருப்பதால் இவருக்கு மூன்றாம் பேஸ்தான் பிரதான வேலையாக இருக்கும்.

இவரிடம் எது தப்பாகப் போகும்? ஹோம் ரன் எண்ணிக்கை. ஹிதெகி மட்சுய் 2002-ல் ஜப்பானில் 50 அடித்துவிட்டு 2003-ல் நியூயார்க் யாங்கீஸில் 16 அடித்தார். இறங்கும் வேகப்பந்துகளைத் தரையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டே 31. ஸெய்யா சுஸுகி 2021-ல் ஜப்பானில் 38. சிகாகோ கப்ஸில் முதல் ஆண்டு 14, பிறகு 20, 21, நான்காம் ஆண்டான 2025-ல் 32. பந்தோடு மட்டை படுவது முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. பந்தை உயர்த்தி அடிப்பது தாமதமாக வருகிறது. ஆகவே ஓகமோட்டோ 18, 20 ஹோம் ரன்னோடு சீசனை முடித்தால் அது வெற்றி. ஜூனில் 30 வயது ஆகிவிடும் என்பதால் சுஸுகியைப் போல நான்காண்டு காத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி இமாய். 2025-ல் 163.2 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 1.92 ஓட்டம் மட்டும் விட்ட சராசரி, 178 ஸ்ட்ரைக் அவுட். ஜூனில் யோகோஹாமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 17 பேரை வீழ்த்தி மட்சுசாகாவின் கிளப் சாதனையை உடைத்தார். உடம்பு ஒல்லி, பந்தை விடும் உயரமும் தாழ்வு. அதனால் மேல் ஜோனுக்கு வரும் ஃபாஸ்ட்பால் எழும்புவது போலத் தோன்றும். வலக்கை பிட்சர் போடும் ஸ்லைடர் பொதுவாக வலக்கை பேட்டரை விட்டு வெளியே ஓடும். இவருடையது இறங்கிக்கொண்டே கொஞ்சம் உள்பக்கம் திரும்பும். இப்படி ஒரு பந்தைப் பார்த்துப் பழகிய பேட்டர்கள் அமெரிக்காவில் அரிது. முதல் இரண்டு மாதம் இந்தப் பந்து நிறைய பேரை ஏமாற்றும்.

சிக்கல், பந்தின் தோல். ஜப்பான் பந்து கையில் ஒட்டும் பதத்தில் வரும், ஓரிழை சிறியதாகவும் இருக்கும். அமெரிக்கப் பந்து வழுக்கும். டெலவேர் ஆற்றுப் பகுதியிலிருந்து எடுக்கும் சேற்றைத் தேய்த்துத்தான் ஆட்டத்துக்குத் தருகிறார்கள். பிடி வழுக்கினால் முதலில் கெடுவது ஸ்லைடர், ஸ்பிளிட்டர் போன்ற விரல் நுனிப் பந்துகள். அவை ஜோனுக்கு வெளியே போனால் வாக் ஏறும். இமாய்க்குக் கட்டுப்பாடு கடைசியாக வந்த குணம். முந்தைய ஆண்டுகளில் நிறைய வாக் கொடுத்தவர். வாரம் ஒரு முறை எறிந்து பழகியவர் இங்கே ஐந்து, ஆறு நாளுக்கு ஒரு முறை எறிய வேண்டும். எறியும் கடிகாரம் வேறு: பேஸ் காலியாக இருந்தால் 15 வினாடிக்குள், ஆள் நின்றால் 18-க்குள் எறிந்தாக வேண்டும். என் கருத்தில் ஆஸ்ட்ரோஸ் ஏப்ரல், மே மாதங்களிலாவது ஆறு பிட்சர் மாறி மாறி எறியும் வரிசையை வைக்க வேண்டும். ஸஸாகியை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: 2025-ல் வேகம் குறைந்தது, 8 ஆட்டத்தோடு தோள் வலி, செப்டம்பர் வரை காணவில்லை.

வசந்தப் பயிற்சி ஆட்டங்களின் எண்களை நம்பி யாரும் பதிவு போடாதீர்கள். ஒயிட் சாக்ஸ் அரிசோனாவில் பயிற்சி எடுக்கிறார்கள். வறண்ட லேசான காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும், வளையும் பந்து குறைவாக வளையும். அங்கே முரகாமி அடிக்கும் ஹோம் ரன்னைக் கொஞ்சம் கழித்தே கணக்கிட வேண்டும். இமாய் இருப்பது ஃபுளோரிடாவில். ஈரக் காற்று பிடிக்கு உதவும், ஆகவே அங்கே கட்டுப்பாடு நன்றாக இருந்தாலும் அதோடு முடிவெடுக்க முடியாது. மார்ச் உலக பேஸ்பால் கிளாசிக்கும் அப்படியே, ஏழு ஆட்டத்துக்கு மேல் இல்லை.

எப்போது முடிவெடுக்கலாம்? ஸ்ட்ரைக் அவுட் விகிதம் சுமார் 60 முறை பேட் செய்ததும் ஓரளவு நிலைக்கும். அதாவது ஏப்ரல் நடுவில். வாக் விகிதத்துக்கு 120 முறை, ஹோம் ரன் விகிதத்துக்கு 170 முறை, மே மாதம் ஆகிவிடும். பேட்டிங் சராசரிக்கு ஒரு முழு சீசன்கூடப் போதாது, அதனால் ஏப்ரலில் யாராவது .180 என்று எழுதினால் கண்டுகொள்ளாதீர்கள்.

இந்த ஆண்டு இன்னொன்று புதிது. பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற அம்பயர் முடிவை எதிர்த்து முறையிடலாம். அணிக்கு இரண்டு முறை. சரியாக முறையிட்டால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டும், தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். ஜோனின் மேல் எல்லை பேட்டர் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம் என்று கருவிக்குச் சொல்லிவிட்டார்கள். மேல் ஜோனில் தடுமாறும் முரகாமிக்கு இது லாபம், ஏனென்றால் மார்பு உயரத்தில் போகும் பந்துக்கு அம்பயர் தவறிக் கொடுக்கும் ஸ்ட்ரைக்கை இனி அவரே திருப்பலாம்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் இரவு 7:07 ஆட்டம் நமக்கு அதிகாலை 4:37. ஹூஸ்டனில் 7:10 என்றால் காலை 5:40. முரகாமி மட்டையோடு வந்து நிற்கும்போது பந்தைப் பார்ப்பதற்கு முன் கேட்சரின் கையுறையைப் பாருங்கள். அது மார்பு உயரத்துக்கு எழுந்து வேகப்பந்து கேட்டுக்கொண்டே இருந்தால், எதிரணிகள் அவரை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கின்றன. கையுறை மெல்லக் கீழே இறங்கி வெளிப்பக்கம் போகத் தொடங்கினால், மேல் பந்தை அவர் அடிக்கத் தொடங்கிவிட்டார்.