வலி தெரியாதவர்களுக்கு இன்பமும் தெரியாதா? சுற்றிவரும் தகவல் தவறு

"பிறவியிலேயே வலி உணராதவர்களுக்கு இன்பமும் தெரியாது. துன்பம் இல்லாமல் சுகம் இல்லை என்று அறிவியலே நிரூபித்துவிட்டது. வலி மாத்திரை போடாதீர்கள்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அறிவியல் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை.

வலி நரம்புகளில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில் ஒன்று உண்டு. அதை உருவாக்கும் எஸ்சிஎன்9ஏ மரபணு பழுதானால் அது திறக்காது; வலிச் செய்தி மூளைக்குப் போகாது. 2006-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இந்த மரபணு பழுதான, வட பாகிஸ்தானில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த ஆறு பேரைப் பற்றியது. அவர்களுக்கு வலி துளியும் தெரியவில்லை. தொடுதல், சூடு, குளிர்ச்சி, கிச்சுகிச்சு எல்லாம் தெரிந்தன. சிறுவயதில் நாக்கையும் உதட்டையும் தாங்களே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். வலியின்மையால் வரும் ஆபத்து இதுதான்.

2019-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா' இதழில் பதிவான ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கு வேறொரு மரபணு மாற்றம். வலி அவருக்குத் தெரிவதேயில்லை என்று சொல்லலாம். பதற்றம், மனச்சோர்வு பற்றிய கேள்வித்தாள்களில் அவர் எடுத்த மதிப்பெண் 0. மகிழ்ச்சியாகவே வாழ்பவர்.

வலி நின்றதும் வரும் நிம்மதி உண்மைதான். ஆனால் எல்லா இன்பமும் அப்படி வருவதில்லை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் நாக்கில் இனிப்பு பட்டாலே முகம் இளகும். முன்பே கசப்பை ருசித்திருக்க வேண்டியதில்லை.

மாத்திரையைத் தவிர்க்கச் சொல்வதுதான் கவலை தருகிறது. வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலியோடு கிடப்பவரால் ஆழமாக மூச்சிழுக்கவோ இருமவோ முடியாது; சளி தேங்கி நிமோனியா வரலாம். மருத்துவர் எழுதிய மருந்தை, எழுதிய நேரத்தில் கொடுங்கள். இந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.