அது கதறவில்லை, வெயில் தாங்காமல் மூச்சு வாங்குகிறது

எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்று நாளாக எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். பொட்டல் தரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை அலகைப் பிளந்துகொண்டு நிற்கிறது, காலடியில் நாலு முட்டை, மேலே “ஒரு தாயின் கதறல்” என்று தலைப்பு. என் நட்பு வட்டத்திலேயே பாதிப் பேர் ஹார்ட் போட்டிருக்கிறீர்கள். “கண் கலங்கிடுச்சு” என்று எழுதியவர்களில் என் சொந்த அக்கா மகளும் இருக்கிறாள்.

பறவைக்கு வியர்க்காது. உடம்பில் சூடு ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் தணித்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் உங்கள் வீட்டுக் கோழியைப் பாருங்கள், வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நிழலில் ஒண்டும். அந்தப் படத்தில் இருப்பதும் அதுதான். கதறல் இல்லை. பத்தடி தூரத்தில் ட்ரைபாடும் கேமராவும் மூன்று ஆட்களும் இருந்ததால் முட்டைமேல் உட்காரவும் முடியாமல், விட்டுப் போகவும் மனசில்லாமல், வெயிலில் நின்று மூச்சு வாங்கிய ஒரு பறவை.

அந்தக் கூட்டை ஏப்ரல் கடைசியிலிருந்தே எனக்குத் தெரியும். கூடு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. லேசாகக் குழிந்த தரை, சுற்றிப் பொடிக்கல், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. முட்டையும் கல் நிறம்தான், நின்று பார்த்தாலும் கண்ணுக்குப் படாது. நான் கண்மாய்க் கரைமேலிருந்து பைனாகுலரில் பார்ப்பதோடு சரி, ஒருநாளும் கீழே இறங்கியதில்லை.

ஒரு மதியம் ஒன்று முட்டைமேல் குந்தியிருக்க, ஜோடிப் பறவை தண்ணீர் ஓரம் போய் வயிற்றை முக்கியது. குளிக்கிறது என்றுதான் நினைத்தேன். குளித்தால் உதறுமே, இது உதறவில்லை. வயிறு சொட்டச் சொட்ட அப்படியே நடந்து வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்து விலக, இது அந்த ஈர வயிற்றோடு முட்டைமேல் அமர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆள் மாற்றம். கோழி சூடு கொடுக்க அடை உட்காரும். கத்திரி மதியத்தில் ஆட்காட்டி சூட்டைத் தணிக்க உட்காருகிறது. முட்டை கொஞ்ச நேரம் குளிர்ந்து கிடந்தாலும் பிழைக்கும், சூடு மிஞ்சினால் உள்ளே இருப்பது செத்துவிடும். வெறுங்காலை வைக்க முடியாத அந்தத் தரையில் நாலு முட்டையை நாள் கணக்கில் அந்த இரண்டும் இப்படித்தான் காப்பாற்றிக்கொண்டு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் எடுக்க வந்தவர்கள் இரண்டு மணிவரை இருந்தார்கள். அங்கே ஆடு மேய்க்கும் பெரியப்பா சொன்னார். நான் போனபோது சாமான்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீமைக்கருவேலங்கன்று இருந்தது, சாயங்காலம் அதன் நிழல்தான் முட்டைமேல் விழும். அதை ஒடித்துத் தூரப் போட்டிருந்தார்கள், பின்னணி சுத்தமாக விழவேண்டுமாம்.

அந்த நாலு மணி நேரம் அதை உட்கார விடவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் போகாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை போனேன். இரண்டும் தள்ளி நின்றன, குழியில் எதுவும் உட்காரவில்லை. புதன்கிழமை காகம் ஒன்று அங்கே நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. பைனாகுலரைத் திருப்பினேன். உடைந்த ஓடும், அதற்குள்ளிருந்து தொங்கிய நீளமான காலும் தெரிந்தன. இன்னும் சில நாளில் வெளியே வந்து ஓடியிருக்கவேண்டிய கால். ஆட்காட்டிக் குஞ்சு பொரிந்த அன்றே எழுந்து ஓடும், தெரியுமா உங்களுக்கு?

இதை எழுதினேன். கத்தவில்லை, திட்டவில்லை, படம் எடுத்தவரின் பதிவின் கீழே ஆறு வரி. பதில் இப்படி வந்தது: “தங்கச்சி, வீட்டுல நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறவங்க பறவைப் பாசத்தப் பத்திப் பேசலாமா?” அதற்கு நூற்றுக்கு மேல் சிரிப்பு. சிரித்தவர்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் என்னோடு கரை கரையாக நடந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோழிப் பேச்சைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆமாம், எங்கள் வீட்டில் கோழி இருக்கிறது. ஏழு ஆடு இருக்கிறது. கருப்பன் என்று ஒரு நாய் இருக்கிறது. கோழி அடிக்கிறோம், சாப்பிடுகிறோம், மறைக்க ஒன்றுமில்லை. பறவையை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நான் படித்ததே அந்தக் கோழியிடமும் என் அப்பத்தாவிடமும்தான்.

அப்பத்தா அடை வைத்தால் வீட்டின் இருட்டு மூலையில்தான் வைக்கும். பழைய கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல், முன்னால் ஒரு சாக்கு. இருபத்தொரு நாளும் அந்தப் பக்கம் நாங்கள் சத்தம் போடக்கூடாது. கோழி இரை எடுக்க இறங்கும் நேரம் அப்பத்தாவுக்குத் தெரியும், அந்த நேரம் மட்டும் சாக்கை விலக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு தடவை சாக்கைத் தூக்கி, கோழியைத் தள்ளி, ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ‘டக் டக்’ என்று கேட்டது. சந்தோஷத்தில் நாலைந்து தடவை எடுத்தெடுத்துக் கேட்டேன். மிரண்டுபோன கோழி திரும்ப உட்காரவே இல்லை. பத்து முட்டையில் ஒன்றும் பொரிக்கவில்லை. அப்பத்தா அடிக்கவில்லை. “உள்ள இருந்து உன்னையக் கூப்புட்டுச்சு, நீ கொன்னுட்ட” என்று மட்டும் சொல்லியது. எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. ஆகவே அண்ணே, கோழி வளர்க்கிறவளுக்குப் பேச உரிமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

“கண்மாயில் ஆடு மாடு மேயுதே, அது மிதிக்காதா?” என்று கேட்கிறார்கள். மிதிக்கலாம். ஆனால் மாடு வந்தால் ஆட்காட்டி சிறகை விரித்துக் கத்திக்கொண்டு முன்னால் நிற்கும், மாடு ஒதுங்கிப் போய்விடும். மாடு நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து முட்டையை முறைப்பதில்லை.

“காகம்தானே தின்றது?” காகம் எல்லா நாளும்தான் இருந்தது. துரத்துவதற்கு முட்டைமேல் ஆள் இருந்தவரை அது கிட்ட வரவில்லை.

“இன்னொரு தடவை முட்டை போடும்.” போடலாம். அதற்காக முதல் நாலும் சாகலாமா? இதற்குமேல் இந்தக் கேள்விக்கு என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது.

எல்லாரும் சொல்வது, “இந்த மாதிரிப் படங்களால்தான் விழிப்புணர்வு வருகிறது.” எனக்கு இதில்தான் கோபம் அதிகம். எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். பிள்ளைகள் அழும், ஆனாலும் போடமாட்டார்கள். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். வேடந்தாங்கலில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் எழுதியே வாங்கினார்கள். அன்றைக்குக் கேமரா என்ற ஒன்றே கிடையாது. அவர்களுக்கு யார் விழிப்புணர்வு கொடுத்தது? அந்த எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரியும், வந்த பறவையை விரட்டக்கூடாது என்று தெரியும், அவ்வளவுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார்மேலும் புகார் கொடுக்க இதைச் சொல்லவில்லை. என்னை “சட்டம் பேசுற அம்மா” என்று கேலி செய்தவருக்காகச் சொல்கிறேன்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறந்து போவதை எடுங்கள், இரை தேடுவதை எடுங்கள், தண்ணீர் குடிப்பதை எடுங்கள். மறைவாக, தூரத்தில் உட்கார்ந்து, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுங்கள். அலாரம் அடிப்பதுபோல் அது சுற்றிச் சுற்றிக் கத்தத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அது கத்துவது உங்களைப் பார்த்துத்தான். ஆளைக் காட்டிக் கொடுப்பதால்தானே அதற்கு ஆட்காட்டி என்றே பேர் வைத்தார்கள்?

நாயைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். கருப்பன் முன்பெல்லாம் என்னோடு கண்மாய்க்கு வருவான். ஒருநாள் கௌதாரிக் குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவிழ்த்துவிட்டது நான். அன்றிலிருந்து மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கட்டித்தான் வைக்கிறேன். நான் கிளம்பும்போது ஊளையிடுவான், கேட்கப் பாவமாகத்தான் இருக்கும். அவனையும் பிடிக்கும், ஆட்காட்டியையும் பிடிக்கும். இரண்டும் பிடித்தால் இப்படி ஏதாவது ஒரு சங்கடத்தைச் சுமக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு படத்தை எடுக்காமல் விடுகிற சங்கடம் அவ்வளவு பெரிதா?

பொறாமை என்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய பைனாகுலர், ஒரு நோட்டு. அவர் படத்தைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. நாங்கள் எல்லாரும் இருந்த பறவை பார்ப்போர் குழுவிலிருந்து நேற்று இரவு வெளியே வந்துவிட்டேன். ஆறு வருடம் இருந்த குழு. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பேரை எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். படத்தை நீக்கச் சொல்லியும் கேட்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள். நீங்கள் உட்கார விடாத பறவைக்கு ‘தாயின் கதறல்’ என்று நீங்களே பேர் வைத்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கண்மாயின் வேறொரு பக்கம் இன்னொரு ஜோடி உட்கார்ந்திருக்கிறது என்று நேற்று ஒரு கமெண்டில் உளறிவிட்டேன். அதற்குள் நாலு பேர் இன்பாக்ஸில் இடம் கேட்டுவிட்டீர்கள். அதில் இரண்டு பேர் லொகேஷன் அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பமாட்டேன். அக்கா மகளே, உனக்கும்தான்.