மேல் பல்லைப் புடுங்கினா கண் பார்வை போயிடுமா? போகாதுங்க

"மேல் கடவாய்ப் பல்ல எடுத்தா கண் நரம்பு அடிபட்டு பார்வை போயிடும்"னு மறுபடியும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துது. சுத்தப் பொய். பார்வைக்கான நரம்பு மூளையிலேர்ந்து வர்ற 2வது நரம்பு, பல்லுக்கு உணர்ச்சி தர்றது 5வது நரம்போட கிளை, ரெண்டும் வேற வேற, பல்லப் புடுங்குறதால பார்வை நரம்பு இழுபடாது. மரத்துப்போற ஊசி போடும்போது ரொம்ப அபூர்வமா சிலருக்குக் கொஞ்ச நேரம் ரெண்டு ரெண்டா தெரியும், மருந்தோட வேகம் கொறஞ்சதும் சரியாயிடும்.

பயப்பட வேண்டியது சீழ் புடிச்ச பல்ல அப்படியே விடுறதுக்குத்தான். மேல் கோரைப்பல்லுல சீழ் வச்சா கன்னம் வீங்கி கண் இமையே மூடிக்கும், அது கண்ணுக்குப் பின்னாடி வரைக்கும் பரவினா அப்பதான் நெஜமாவே பார்வைக்கு ஆபத்து, இந்த ஃபார்வர்ட நம்பி வலி மாத்திரையிலயே நாளக் கடத்துறவங்கள நெனச்சாதான் எனக்குக் கவலையா இருக்கு.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது வேற. மேல் பல் வேர் சைனஸ (கன்னத்து எலும்புக்குள்ள இருக்குற காத்தறைய) ஒட்டியிருக்கா, கீழ் ஞானப்பல் வேர் நரம்புக்குப் பக்கமா இருக்கா (அங்க அடிபட்டா கீழுதடு மரத்துப்போகலாம்), எக்ஸ்ரே பாத்து சொல்லுவாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி மாத்திரையோ எடுக்குறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.