போர் முடிந்தது என்றார்கள், சுரபயாவுக்கு அனுப்பினார்கள்

1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது, உலகப் போர் முடிந்தது. பரீட்சையில் இப்படி எழுதித்தான் மார்க் வாங்கினோம். பர்மாவில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு இந்தத் தேதி பொருந்தாது.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அப்போது சுமார் 25 லட்சம் பேர். ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வியட்நாமின் சைகோனுக்கும் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கும் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஜப்பானியரின் ஆயுதங்களைப் பறிக்க வேண்டும், முகாம்களில் பட்டினியாகக் கிடந்த கைதிகளை மீட்க வேண்டும். யாரும் குறை சொல்ல முடியாத வேலைதான். ஆனால் அதற்குள் இந்தோனேசியா ஆகஸ்ட் 17-லும் வியட்நாம் செப்டம்பர் 2-லும் சுதந்திரத்தை அறிவித்துவிட்டன. டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பழைய காலனியைத் திரும்பக் கேட்டு வந்து நின்றார்கள்.

சைகோனுக்குப் போனது ஜெனரல் கிரேசியின் 20-வது இந்திய டிவிஷன். முந்தைய வருடம் இம்பாலில் ஜப்பானியரோடு மல்லுக்கட்டிய அதே படை. சைகோனில் ஆள் போதவில்லை என்றதும் சரணடைந்த ஜப்பானியரையே துப்பாக்கியோடு வியட்மின்களுக்கு, அதாவது வியட்நாம் விடுதலைப் போராளிகளுக்கு, எதிராக இறக்கினார் கிரேசி. நேற்றைய எதிரி பக்கத்தில் நிற்க, தன்னைப் போலவே விடுதலை கேட்கிறவனைக் குறிபார்க்க வேண்டிய சிப்பாயின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

ஜாவாவின் துறைமுக நகரமான சுரபயா இதைவிட மோசம். அக்டோபர் 25-ல் பிரிகேடியர் மல்லாபியின் 49-வது இந்திய பிரிகேட் அங்கே இறங்கியது. உள்ளூர்த் தலைவர்களோடு பேசி ஒரு உடன்பாட்டுக்கும் வந்தார் மல்லாபி. 27-ந் தேதி ஜகார்த்தாவிலிருந்து வந்த விமானம் ஊர் முழுக்கத் துண்டறிக்கை போட்டது: ஆயுதத்தை ஒப்படைக்காதவர்கள் சுடப்படுவார்கள். உடன்பாடு அதோடு காலி. மறுநாள் ஊரே திரண்டு வந்து தாக்கியது. தெருத்தெருவாகச் சின்னச் சின்னக் குழுக்களாக நிறுத்தப்பட்டிருந்த சிப்பாய்கள் சுற்றிவளைக்கப்பட்டார்கள். தோட்டா தீர்ந்ததும் பல இடங்களில் கதை முடிந்தது. தலைமையகத்தில் யாரோ போட்ட காகிதத்துக்கு உயிரைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

30-ந் தேதி மல்லாபியும் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 10-ல் 5-வது இந்திய டிவிஷன், போர்க்கப்பல்களும் விமானங்களும் குண்டு வீச, ஊருக்குள் நுழைந்தது. இந்தோனேசியாவில் இன்றும் அந்த நாள்தான் வீரர் தினம்.

இவர்களைக் கூலிப்படை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில நூறு பேர் இந்தோனேசியர் பக்கமே போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள். திட்ட வேண்டியது அனுப்பியவர்களை. நேரு அப்போதே கண்டித்தார், லண்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைக் கலகம் வெடித்தது. சாப்பாடு சரியில்லை என்று வந்த தகராறு என்று அதைச் சுருக்குகிறவர்கள் மாலுமிகளின் கோரிக்கைப் பட்டியலைக் கடைசி வரை படிக்க வேண்டும். இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறு என்பதும் அதில் இருக்கிறது. உடனே யாரும் திரும்பப் பெறவில்லை. ஜாவாவை விட்டுக் கடைசிப் படை கிளம்ப அந்த வருடம் நவம்பர் கடைசி ஆயிற்று.