ஹீரோ இல்லாத ஆட்டத்துக்கு டெக் கட்டுங்கள்

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் கமாண்டர் என்கிற வகையை ஆடுகிற நண்பர்கள் டெக் லிஸ்ட் (தங்கள் கார்டுக் கட்டின் பட்டியல்) அனுப்பி "எப்படி இருக்கு, பாரு" என்று கேட்டால், நான் முதலில் ஹீரோவைப் பார்ப்பதில்லை. அவரைக் கையால் மறைத்துவிட்டு மிச்சம் இருக்கிற 99 கார்டுகளைப் படிப்பேன். இவர் மேசைக்கு வரவே இல்லையென்றால் இந்த 99 பேரும் என்ன செய்வார்கள்? முக்கால்வாசி லிஸ்ட்டில் பதில் ஒன்றுதான்: கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக. டெக்கில் 100 கார்டு. அதில் ஒன்று கமாண்டர், அதுதான் ஹீரோ. கார்டுகளைக் கூப்பிடச் செலவழிக்கிற சக்திதான் மனா, அதைத் தருபவை லேண்ட் கார்டுகள். சாதாரண லேண்டான பேசிக் லேண்ட் தவிர எந்தக் கார்டும் இரண்டாவது காப்பி கிடையாது. ஹீரோவின் நிறத்துக்கு வெளியே ஒரு கார்டும் சேர்க்க முடியாது. அவர் டெக்குக்குள் கலந்து கிடக்காமல் தனி இடத்தில் உட்கார்ந்திருப்பார். மனா சேர்ந்ததும் கூப்பிடலாம். செத்தால் அதே இடத்துக்குத் திரும்பலாம், ஆனால் அடுத்த முறை கூப்பிட 2 மனா அதிகம், அதற்கும் அடுத்த முறை 4 அதிகம். பெரும்பாலும் நான்கு பேர் ஆடுவோம், ஆளுக்கு 40 லைஃப். சண்டையில் விழுகிற அடி, அதாவது காம்பாட் டேமேஜ், ஒரே கமாண்டரிடம் மொத்தமாக 21 வாங்கியவர், லைஃப் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அவுட்.

இந்த ஆட்டம் பிறந்தது 1990களில், அலாஸ்காவில். நிறுவனம் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியது இல்லை, ஆடுகிறவர்களே கண்டுபிடித்தது. அப்போது இதற்கு எல்டர் டிராகன் ஹைலேண்டர் என்று பெயர். 1994-ல் லெஜண்ட்ஸ் செட்டில் நிகோல் போலாஸ் உட்பட ஐந்து எல்டர் டிராகன்கள் வந்தன, ஐந்துமே 7/7, அதாவது அடிப்பது 7, தாங்குவது 7. மூன்று அடி விழுந்தால் 21. ஷெல்டன் மெனரி போன்ற ஜட்ஜ்கள் இதை ஊர் ஊராகப் பரப்பினார்கள். 2011-ல்தான் மேஜிக்கைத் தயாரிக்கிற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கமாண்டருக்கென்றே ரெடிமேட் டெக் வெளியிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரே மூன்று பேர், ஆளுக்கு 40 என்றால் 120. ஹீரோ ஒருவரே அடித்தால் 21 வீதம் 63 போதும். ஏறக்குறைய பாதி வேலை! ஒரே ஆளை ஊதிப் பெருக்கி அடிக்கிற வோல்ட்ரான் டெக்கின் கவர்ச்சி முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் யூரில் த மிஸ்ட்ஸ்டாக்கர். 2009-ல் அலாரா ரீபார்னில் வந்தவர். சிவப்பு, பச்சை, வெள்ளை, மொத்தம் 5 மனா, 5/5. எதிராளியின் ஸ்பெல்லும் எபிலிட்டியும் இவரைக் குறிவைக்கவே முடியாது, அதாவது ஹெக்ஸ்ப்ரூஃப். அதோடு, மேலே ஒட்டுகிற ஒவ்வொரு ஆராவுக்கும் (கிரீச்சர்மேல், அதாவது சண்டை போடுகிற கார்டுமேல், ஒட்டுகிற மந்திரக் கார்டு) கூடுதலாக +2/+2. ஒரு ஆரா ஒட்டினால் 7/7. பழைய டிராகன் கணக்குத்தான், மூன்று அடி. மூன்று ஆரா ஒட்டினால், அந்த ஆராக்கள் சொந்தமாக ஒன்றும் தராவிட்டால்கூட 11/11. இரண்டே அடியில் 22.

நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். மூன்று ஆரா போதும் என்று கணக்கு சொல்கிறது. பிறகு ஏன் லிஸ்ட்டில் முப்பத்தைந்து ஆரா? நான்காவது, ஐந்தாவது ஆரா எல்லாம் செத்த பாம்பை அடிக்கிற வேலை. அவ்வளவையும் திணிக்க இடம் வேண்டுமே, லேண்டைக் குறைப்பார்கள். 37 போட வேண்டிய இடத்தில் 32. நியாயமாகப் பார்த்தால் ஹீரோவை நம்புகிறவர்தான் மற்றவர்களைவிட அதிகமாக லேண்ட் போட வேண்டும். அவர் ஹீரோவின் விலைதானே 5, 7, 9 என்று ஏறிக்கொண்டே போகப்போகிறது?

"அவர்தான் ஹெக்ஸ்ப்ரூஃப் ஆச்சே, எப்படிச் சாவார்?" என்று கேட்பார்கள். குறிவைக்காமல்தான் கொல்வார்கள். ராத் ஆஃப் காட் ஒன்று விழுந்தால் மேசையில் இருக்கிற எல்லாக் கிரீச்சரும் போச்சு. அது யாரையும் பெயர் சொல்லிக் குறிவைப்பதில்லை. 7 மனா கொடுத்து சைக்ளானிக் ரிஃப்ட்டை ஓவர்லோடில், அதாவது எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தாக்குகிற விதத்தில், போட்டால் அதற்கும் ஹெக்ஸ்ப்ரூஃப் ஒரு பொருட்டே இல்லை, லேண்ட் தவிர உங்கள் பக்கம் இருக்கிற எல்லாம் சுருட்டி உங்கள் கைக்கே அனுப்பப்பட்டுவிடும். இவை எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் தருவது ஃப்ளெஷ்பேக் மரோடர் மாதிரியான சின்னக் கார்டுகள். "எல்லோரும் ஒரு கிரீச்சரை பலி கொடுங்கள்" என்று மூன்று மனாவில் வந்து நிற்கும். உங்களிடம் இருக்கிற ஒரே கிரீச்சர் யூரில் என்றால் அவரைத்தான் கொடுக்க வேண்டும். ஆறு டர்ன் வளர்த்த ஹீரோ, கூட நிற்க ஒரு எடுபிடி இல்லாததால் போகிறார். சச்சின் அவுட்டானதும் டிவியை அணைத்துவிட்டுப் போன காலம் ஞாபகம் இருக்கிறதா? அந்த நிமிடத்தில் உங்கள் 99 பேரும் செய்வது அதைத்தான்.

ஆகவே என் யூரில் லிஸ்ட்டில் ஆரா பதினெட்டைத் தாண்டாது. மற்ற இடங்களில் முதலில் வருவது என்சான்ட்ரஸ் கூட்டம்: சைதிஸ், மேசா என்சான்ட்ரஸ், ஆர்கோதியன் என்சான்ட்ரஸ். என்சான்ட்மென்ட் (மேசையில் தங்கிவிடுகிற மந்திரக் கார்டு) ஒன்றைப் போடும்போதெல்லாம் இவர்கள் ஒரு கார்டு எடுத்துத் தருவார்கள். ஆராவும் என்சான்ட்மென்ட்தான் என்பதால், ஹீரோவோடு சேர்ந்து ஆரா போய்விட்டாலும் அதற்குப் பதில் கார்டு ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும். பலி கேட்டு யாராவது வந்தால் யூரிலுக்குப் பதிலாக முன்னால் தள்ளிவிடவும் ஆள் இருக்கும். லானோவார் எல்வ்ஸும் அப்படித்தான். ஆரம்பத்தில் மனா, பிறகு கேடயம்.

ஆராக்களைப் பொறுக்குவதிலும் அதே புத்திதான். ரான்கோர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே மனா, டிராம்பிள் தருகிறது, அதாவது தடுப்பவரைக் கொன்று மிஞ்சுகிற அடி எதிராளிக்கே போகும். டிராம்பிள் இல்லாத யூரிலை ஒரு 1/1 டோக்கன் குறுக்கே நின்று தடுத்துவிடும், அதைவிட அவமானம் வேறு இல்லை. ரான்கோர் கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்த கார்டுக் குவியலுக்கு, போனாலும் கைக்குத் திரும்பி வந்துவிடும். அடுத்தது அம்ப்ரா குடும்பம். ஹைனா அம்ப்ராவும் ஸ்பைடர் அம்ப்ராவும் ஒரே மனா. பேர் அம்ப்ரா நான்கு மனா, ஆனால் அட்டாக் பண்ணும்போது லேண்ட் எல்லாம் அன்டேப் ஆகும், அதாவது மறுபடி மனா தரத் தயாராகும். ராத் ஆஃப் காட் விழுந்தால் ஹீரோவுக்குப் பதிலாக அம்ப்ரா உடையும். பலிக்கும் ரிஃப்ட்டுக்கும் அது உதவாது, அதையும் மறக்க வேண்டாம்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிற, கிரீச்சருக்கு மாட்டிவிடுகிற லைட்னிங் க்ரீவ்ஸை நான் இந்த டெக்கில் தொடுவதே இல்லை. அது தருவது ஷ்ரவுட். எதிராளி மட்டுமில்லை, நீங்களே உங்கள் யூரில்மேல் ஆரா போட முடியாது. க்ரீவ்ஸைக் கழற்றி மாட்ட வேறொரு கிரீச்சர் வேண்டும். அவர் தனியாக நின்றால் சொந்தச் செருப்பே காலைக் கட்டிவிடும். வேகம் வேண்டுமென்றால் ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் போடுங்கள். எக்விப் பண்ண, அதாவது மாட்ட, ஒரு மனா ஆகும், ஆகட்டும்.

இந்த டெக்கில் எனக்குப் பிடித்த கார்டு யூரில்கூட இல்லை. சிகில் ஆஃப் த எம்ப்டி த்ரோன். 5 மனா என்சான்ட்மென்ட். அதன் பிறகு நீங்கள் போடுகிற ஒவ்வொரு என்சான்ட்மென்ட் ஸ்பெல்லுக்கும் பறக்கிற 4/4 ஏஞ்சல் ஒன்று வரும். ஹீரோவுக்காக வைத்திருந்த அதே ஆராவை சைதிஸ்மேல் ஒட்டினாலும் ஏஞ்சல் வரும், கார்டும் வரும். இரண்டாவது வழி என்று சிலர் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு காம்போவை (சேர்ந்து வந்தால் ஜெயிக்கவைக்கிற கார்டுக் கூட்டணி) நான்கு கார்டில் சொருகுவார்கள். அந்த நான்கும் கைக்கு வரும் நாளில் ஹீரோ நன்றாக இருப்பார், ஹீரோ செத்த நாளில் அவை டெக்கின் அடியில் கிடக்கும். ஹீரோ சாப்பிடுகிற அதே தீனியைச் சாப்பிடுகிற இரண்டாவது வழிதான் உருப்படும்.

ஹீரோவைச் சீக்கிரம் இறக்கிவிட்டால் ஜெயித்துவிடலாம் என்கிற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. கமாண்டரைக் கூப்பிட மட்டுமே மூன்று மனா தருகிற ஜுவல்ட் லோட்டஸ் என்று ஒரு கார்டு 2020-ல் வந்தது. அது கையில் இருந்தால் இரண்டு லேண்டிலேயே யூரில் இறங்குவார். 2024 செப்டம்பரில் அதையும் மனா கிரிப்ட் என்ற இன்னொரு மனா கார்டையும் தடை செய்தார்கள். இணையத்தில் எழுந்த கூச்சல் மிரட்டல் வரைக்கும் போய், கடைசியில் கமாண்டர் விதிகளைப் பார்த்துக்கொண்ட ரூல்ஸ் கமிட்டி அந்தப் பொறுப்பையே விசார்ட்ஸிடம் ஒப்படைத்துவிட்டது. விலையுயர்ந்த கார்டை வாங்கிவைத்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, மிரட்டலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் தடை சரிதான். இரண்டாவது டர்னிலேயே 5/5 வந்து நின்றால் மற்ற மூன்று பேருக்கும் அன்றைய ஆட்டத்தில் ஒரே வேலைதான், உங்களை அமுக்குவது.

இன்னொன்று அடிக்கடி சொல்வார்கள்: யூரில் நிற்கும்போது ஆர்மகெடான் போடு, நான்கு மனாவில் எல்லோருடைய லேண்டும் அழியும், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஆட்டம் முடிந்தது. எவ்வளவு கடுமையான ஆட்டம் என்பதை வைத்து டெக்கைப் பிரிக்க 2025-ல் விசார்ட்ஸ் கொண்டுவந்த பிராக்கெட் முறையில் இந்த மாதிரி கூண்டோடு லேண்ட் அழிப்பதற்கு முதல் மூன்று பிராக்கெட்டில் இடமில்லை, நான்காவதிலிருந்துதான். மேசையில் இருப்பவர்கள் உங்களோடு மறுபடி ஆட வருவார்களா என்பது தனிக் கேள்வி. என் ஆட்சேபணை அதுகூட இல்லை. ஆர்மகெடான் உங்கள் லேண்டையும் சேர்த்துத்தான் அழிக்கிறது. அழிவதற்கு முன்பே எதிரே ஒருவர் லேண்ட் இல்லாமலே மனா தருகிற மனாக் கல் கார்டுகள் மூன்றை மேசையில் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டர்னில் மரோடர் வருகிறது, தனியாக நின்ற யூரில் போகிறார். அவரைத் திரும்பக் கூப்பிட 7 மனா வேண்டும். உங்களிடம் ஒரு லேண்டும் இல்லை.