ஓப்பரா மாடியில தயிர் சாதம்

நார்வே தலைநகர் ஓஸ்லோ போறோம்னு சொன்னதும் ஆபீஸ்ல ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னாங்க, அங்க என்ன இருக்கு, விலைவாசி கழுத்தை நெரிக்கும், ஒரு நாள் தலையைக் காட்டிட்டு மலைப்பக்கம் ஓடிருங்கன்னு. யூடியூப்லயும் இதே பாட்டுதான். தம்பி அங்க வேலைல இருக்கான், ரூம் வாடகை இல்ல, அதனால அம்மா, வீட்டம்மா, ஒன்பது வயசுப் பொண்ணு, நான்னு நாலு பேரும் போய் நாலு நாள் தங்கினோம். விலைவாசி விஷயம் உண்மைதான். ஸ்டேஷன்ல இறங்கின உடனே தாகம்னு ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டில் வாங்கினேன், நாப்பது குரோனர், நம்ம காசுக்கு முன்னூறுக்கு மேல. தம்பி தலைல அடிச்சுக்கிட்டான், "அண்ணா, இங்க குழாய்த் தண்ணியே குடிக்கலாம்ணா". ஆனா கடலோரமா ஒரு நாள் முழுக்க நடந்தோமே, அதுல பாத்த முக்காவாசி இடத்துக்கு டிக்கெட்டே கிடையாது. இதை ஏன் யாரும் சொல்லலைன்னு தெரியல.

சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷ நடைல ஓப்பரா ஹவுஸ், பாட்டு நாடகம் நடக்கிற அரங்கம். 2008ல திறந்தது, ஸ்னோஹெட்டான்னு அந்த ஊர் ஆர்கிடெக்ட் கம்பெனி டிசைன் பண்ணினது. ஓப்பரான்னா கோட்டு சூட்டு ஆளுங்க போற இடம்னுதான் நான் நெனச்சிருந்தேன், இங்க என்னடான்னா அதோட கூரையே ஒரு சரிவா இறங்கி வந்து கடல் தண்ணிக்குள்ள போகுது, யார் வேணா ஏறி நடக்கலாம், வாட்ச்மேன் விசில் ஊதல. பெரும்பாலும் இத்தாலில இருந்து வந்த வெள்ளை மார்பிள். சில இடம் வழவழன்னு, சில இடம் அம்மிக்கல்லு கொத்தின மாதிரி சொரசொரன்னு, நடுநடுவுல சின்னச் சின்ன படி மாதிரி மேடு பள்ளம், பாத்து நடக்கலைன்னா தடுக்கும். தண்ணி தொடுற ஓரத்துல பச்சையா பாசி. அம்மா முழங்கால் வலியோட மெதுவா ஏறி, பாதி தூரத்துல புடவையை இழுத்துச் செருகிட்டு உக்காந்துட்டாங்க. தம்பி வீட்டுல கட்டிக் குடுத்த தயிர் சாத டப்பாவைத் திறந்தோம். பக்கத்துல ஒரு ஜோடி வெயில் காய்ஞ்சிட்டிருந்தது, எங்களை யாரும் ஒரு மாதிரி பாக்கல. கடல் காக்கா ஒண்ணு மட்டும் ஊறுகாயைக் குறி வெச்சு நெருங்கி நெருங்கி வந்தது, என் பொண்ணு விரட்டிக்கிட்டே இருந்தா.

இதுல தம்பி ஒரு விஷயம் சொன்னான், எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். ஓப்பரா திறந்தப்ப அதுக்கும் ஊருக்கும் நடுவுல ஹைவே ஓடிட்டிருந்ததாம். 2010ல அந்த ரோட்டைத் தூக்கி கடலுக்கு அடியில போட்டுட்டாங்க. பெரிய பெரிய கான்கிரீட் பெட்டியா செஞ்சு, தண்ணில மிதக்க விட்டு இழுத்துட்டு வந்து, அப்படியே அடியில இறக்கி ஒண்ணோட ஒண்ணு சேர்த்த டனல். நாங்க தயிர் சாதம் சாப்பிட்ட இடத்துக்குப் பக்கத்துல, தண்ணிக்குக் கீழ லாரி போய்ட்டிருக்கு, சத்தமே இல்ல. ரோட்டை அகலப்படுத்த கரையைக் காவு குடுக்கிறதைத்தான் பாத்திருக்கேன், கரைக்காக ரோடு விலகிப் போனதை இங்கதான் பாத்தேன்.

எதிர்லயே டைக்மன் லைப்ரரி, 2020ல திறந்தது, அதுவும் ஓசி. மேல் மாடில மரத்தாலான ஒரு சின்ன ரூம். ஷூவைக் கழட்டிட்டுத்தான் போகணும், அம்மா உடனே "கோயிலா?"ன்னாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான். 2014ல இருந்து வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதி எழுதிக் குடுப்பாங்க, அதை இங்க பூட்டி வெச்சிருவாங்க, யாரும் படிக்கக் கூடாது. ஊருக்கு வெளிய காட்டுல ஆயிரம் மரக்கன்னு நட்டு வெச்சிருக்காங்க, 2114ல அந்த மரத்துல பேப்பர் செஞ்சு மொத்தத்தையும் அச்சடிப்பாங்களாம். பொண்ணு விரல் விட்டு எண்ணிட்டு "எனக்கு தொண்ணூத்தெட்டு வயசாயிருக்கும் பாட்டி"ன்னா. "அதனால என்ன கண்ணு, கண்ணாடி போட்டுப் படி"ன்னாங்க அம்மா.

அப்புறம் ஆகர்ஷூஸ் கோட்டை, எழுநூறு வருஷம் பழசு, மேல நின்னா துறைமுகம் முழுக்கத் தெரியுது, அவ்வளவுதான், ஏறினதுல அம்மாவுக்கு மூச்சு வாங்கிருச்சு. கீழ செங்கல் கலர்ல ரெட்டைக் கோபுரம் வெச்ச சிட்டி ஹால். வருஷா வருஷம் டிசம்பர் 10ம் தேதி நோபல் அமைதிப் பரிசு குடுக்கிற இடம். "காந்திக்குக் குடுத்தாங்களா"ன்னு அம்மா கேட்டாங்க. அஞ்சு தடவை பேரைப் பரிந்துரை பண்ணினாங்க, ஒரு தடவை கூட குடுக்கலம்மான்னேன். "அப்ப என்ன பரிசு"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. யாழ்ப்பாணத்துல பிறந்த கம்சி குணரத்தினம் 2015ல துணை மேயரா வந்தது இதே நகராட்சிக்குத்தான்னு தம்பி சொன்ன பிறகுதான் கொஞ்சம் சமாதானம் ஆனாங்க. அங்க ஒரு பேக்கரில பன் வாங்கினோம், ஸ்கூலபொல்லேன்னு பேரு, நடுவுல கஸ்டர்டு, மேல தேங்காத் துருவல். நார்வேல தேங்கா!

எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. ஓப்பரா பக்கத்துல வரிசையா நிக்கிற அந்த உசரமான பில்டிங்குகள்ல வீடு வாங்க நம்மளால முடியாதுண்ணான்னான் தம்பி, நல்ல சம்பளம் வாங்குறவன், அவனே மெட்ரோல அரை மணி நேரம் தள்ளித்தான் இருக்கான். பழைய கப்பல் கட்டுற யார்டு இருந்த ஆகர் பிரிகேல இப்ப ரெஸ்டாரன்ட் நாற்காலிதான் கரையை அடைச்சிருக்கு, மெனு கார்டைப் பாத்துட்டு அப்படியே நடையைக் கட்டினோம். மூங்க்ங்கிற ஓவியர் பேர்ல இருக்கிற மியூசியம் புது பில்டிங், பதிமூணு மாடி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது, எனக்குப் பிடிக்கல, வீட்டம்மாவுக்குப் பிடிச்சிருந்தது. ஆனாலும் ஒண்ணு பாத்தேன், வீடு எவ்வளவு விலையா இருந்தாலும் அதுக்கு முன்னாடி இருக்கிற கரைல நடக்க விடாம யாரும் கேட் போட்டு அடைக்கல. மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் நடைபாதை, நாங்க பாதி கூட முடிக்கல.

போறவங்க ஜூன் ஜூலைல போங்க, ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும், அம்மா விளக்கு ஏத்த நேரம் தெரியாம தவிச்சுப் போய்ட்டாங்க. கூலிங் கிளாஸ் கட்டாயம், அந்த மார்பிள்ல வெயில் பட்டா கண்ணு கூசும். ஒரு ஸ்வெட்டரும் வெச்சுக்கங்க. தண்ணி பாட்டில் மட்டும் வாங்காதீங்க. வாங்கிட்டா தூக்கிப் போடாம சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போடுங்க, பாட்டிலுக்கான டெபாசிட் காசைத் திருப்பிக் குடுக்கும்.