மழையில் செத்த பதினேழு பேர்

(பெரம்பூரில் ஓர் அடுக்ககம். வாசல் வேப்பமரத்தடியில் ஏழுமலையின் இஸ்திரி வண்டி. குடியிருப்போர் சேர்ந்து வீடற்றவர்களைப் பற்றி ஒரு சிறுகதைத் தொகுப்பு போடுகிறார்கள். விற்கிற பணம் வீடற்றோர் காப்பகத்துக்கு. தொகுப்பாசிரியர் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். புரூஃப் தாள்களை அவர் ஏழுமலையிடம் கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை.)

டீச்சர்: படித்தீர்களா ஏழுமலை?

ஏழுமலை: படித்தேன் டீச்சர். இருபத்திரண்டு கதை. பதினேழு பேர் செத்துப்போகிறார்கள்.

டீச்சர்: சோகமான விஷயம்தானே?

ஏழுமலை: பதினேழு பேரும் மழையில் டீச்சர். அதில் பதினோரு பேர் கையில் பாதி தின்ற பன்.

டீச்சர்: அந்தப் பன்னை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். ஒருத்தர் மட்டும் பிஸ்கட் ஆக்கினார்.

ஏழுமலை: நான் பிறந்ததே வால்டாக்ஸ் ரோடு பிளாட்பாரத்தில். எங்கம்மாவும் அங்கேதான் பிறந்தார்கள். தூறல் விழுந்தாலே பாயைச் சுருட்டிக்கொண்டு ஏதாவது கடை ஷட்டர் ஓரம் ஓடிவிடுவோம். எவன் நனைந்துகொண்டே படுத்திருப்பான்?

டீச்சர்: அப்போ எதுதான் கஷ்டம்? சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.

ஏழுமலை: செருப்பு. தலைக்கு வைத்துப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் இருக்காது. அப்புறம் சித்திரை மாதம். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட், நடுராத்திரி வரைக்கும் தோசைக்கல்தான். பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ். இதெல்லாம் ஒரு கதையிலும் இல்லை. ஆனால் பேராசிரியர் இருக்கிறார்.

டீச்சர்: எந்தப் பேராசிரியர்?

ஏழுமலை: ஏழு கதையில் வருகிறாரே! அழுக்குச் சட்டை, தாடி, திடீரென்று இங்கிலீஷ் பேசுவார். எங்கள் பக்கம் மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டிக்காரர், பூக் கட்டுகிறவர் எல்லாரும் உண்டு. ஒரு பேராசிரியரைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்களெல்லாம் எங்கே போய்ப் படுக்கிறார்கள்?

டீச்சர்: என் முன்னுரையாவது தேறுமா? பெரிய ஊர்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னதை எழுதியிருக்கிறேன்.

ஏழுமலை: நன்றாயிருந்தது டீச்சர். அதில்தான் யாரும் சாகவில்லை.

டீச்சர்: கதையை விடுங்கள், கணக்குதான் பெரிய தலைவலி. 176 பக்கம், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்று 11 ஃபாரம், 300 பிரதி. ஒரு பிரதி அச்சடிக்க 90 ரூபாய். விலை 200.

ஏழுமலை: அப்போ 33,000 நிற்கும்.

டீச்சர்: விற்றால் நிற்கும். எழுதினவர்கள் ஆளுக்குப் பத்துப் பிரதி இலவசமாகக் கேட்கிறார்கள்.

ஏழுமலை: (விரலை மடக்கி) 220 போச்சு. மீதி 80.

டீச்சர்: தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, அணிந்துரை, அவர்கள் வீட்டம்மாக்கள் என்று முப்பது.

ஏழுமலை: ஐம்பது விற்றால் 10,000. அச்சகத்துக்கு 27,000. டீச்சர், காப்பகத்தில் இருக்கிறவர்கள்தான் உண்டியல் குலுக்கி நமக்குத் தர வேண்டும்.

டீச்சர்: அதனால்தான் பத்தை ஒன்றாக்கினேன். மூன்றாவது மாடிக்காரர் கோபித்துக்கொண்டு கதையைத் திருப்பிக் கேட்கிறார்.

ஏழுமலை: கொடுத்துவிடுங்கள். ஒரு உயிராவது மிஞ்சட்டும்.

டீச்சர்: மிச்சம் இருபத்தொரு பேருக்கும் வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். செயலாளர் பட்டியல் கொடுத்துவிட்டார்.

ஏழுமலை: அந்தச் சரிகைத் துண்டா? விழா முடிந்ததும் பாதி என்னிடம்தான் வருகிறது, எதற்காவது உறை தைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு. போர்த்திப் படுக்கவும் ஆகாது, குத்தும். அதே காசில் கொஞ்சம் சேர்த்துப்போட்டு நல்ல பெட்ஷீட்டாக வாங்குங்கள்.

டீச்சர்: மேடையில் பெட்ஷீட்டா? எல்லாரும் சிரிப்பார்களே!

ஏழுமலை: போர்த்தி, போட்டோ எடுத்து, கைதட்டி அனுப்புங்கள். படிக்கட்டுக்குக் கீழே நான் நிற்கிறேன். இறங்க இறங்க உருவி மடித்து, நேராகக் காப்பகத்து ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன்.

டீச்சர்: செயலாளர் கொடுக்க மாட்டாரே. கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

ஏழுமலை: அவருடைய வெள்ளைச் சட்டை நாலு என்னிடம் இருக்கிறது டீச்சர்.